மிளகு டப்பாவுக்கு முகம் எது

செங்கா ராங்கினின் சமையலறை மேசையில் இரண்டு வாரமாகத் தட்டு வைக்க இடமில்லை. உப்பு, மிளகு, கடுகு, ஊறுகாய் என்று நான்கு டப்பாக்கள் ஒரு வரிசை; அவை ஆண்கள். எதிரே முட்டை வைத்துச் சாப்பிடும் குட்டிக் கிண்ணங்கள் நான்கு; அவை பெண்கள். நடுவில் ஜாம் கறை பட்ட ஒரு காகிதம். 'ஈரத் தொப்பி' என்ற நடனத்துக்கு நடன ஆசிரியர் சங்கம் அனுப்பியிருந்த திருத்திய குறிப்பு.

செங்காவுக்கு ஐம்பத்தேழு வயது. பகலில் பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "இன்னும் பத்தே நிமிஷம்" என்று சொல்கிற வேலை. செவ்வாய் மாலை ஏழரை மணிக்குக் கிர்க்பிரே தேவாலயக் கூடத்தில் நடன ஆசிரியை. பதினோரு வருடத்துக்கு முன் பழைய ஆசிரியை கனடாவுக்குக் கிளம்பியபோது, "யார் எடுத்து நடத்துறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சட்டென்று குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்கள். செங்காவின் நாடா மட்டும் ஏற்கெனவே சரியாகக் கட்டியிருந்தது. அவளுடைய தகுதி அவ்வளவுதான்.

ஆனால் எடுத்த வேலையை அவள் அரைகுறையாகச் செய்ததில்லை. கடையில் பீன்ஸ் டின் அடுக்குக்கும் சூப் அடுக்குக்கும் நடுவே அடி எண்ணிக்கொண்டே போவாள். தள்ளுவண்டியோடு எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஊருக்குப் பழகிவிட்டது.

பழைய குறிப்பின்படி, ஈரத் தொப்பியில் நான்கு ஜோடியும் நடுவில் வந்து சந்தித்து, முகம் பார்த்தபடியே பின்னடி வைத்து வரிசைக்குத் திரும்ப வேண்டும். திருத்தத்தில் அந்த வரியைத் தூக்கிவிட்டு, 'வலது தோளைப் பின்னுக்கு இழுத்துத் தம் இடத்துக்கு ஆடிச் செல்லவும்' என்று போட்டிருந்தார்கள். அடுத்த வரி, 'ஜோடிக்கு வலது கை கொடுக்கவும்.' மேசையில் எல்லாம் கச்சிதமாக வந்தது. உப்பு உப்பின் இடத்துக்கும் கடுகு கடுகின் இடத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் செய்து பார்த்தார்கள். வகுப்பில் செங்காவையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். நடுவில் சந்தித்தார்கள், தோளை இழுத்துத் திரும்பினார்கள், அவரவர் இடத்துக்கு நடந்தார்கள். நான்கு பேர் ஒரு சுவரையும் நான்கு பேர் எதிர்ச் சுவரையும் பார்த்தபடி வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் மர்டோவுக்கு எதிரே கோட்டுகள் மாட்டிய கொக்கிகள்.

"டீச்சரம்மா, இந்தக் கோட்டுக்கு யாராச்சும் என்னை அறிமுகம் பண்ணி வைங்க. கையை நீட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"கோட்டாவது அவரோட ஆடுதேன்னு சந்தோஷப்படு செங்கா," என்றாள் அவர் மனைவி தெல்மா, எதிர்ச் சுவரிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். செங்காவும் சிரித்தாள். மூன்று முறை மாற்றிப் பார்த்தும் சுவர்தான் வந்தது. கிளம்பும்போது மர்டோ அவளைத் தனியாக நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காத. போன வருஷ நடன விழாவுலயே நடுவுல முட்டிக்கிட்டு நின்னோம். நாலு ஊர் பார்த்துச்சு. இந்தச் சனிக்கிழமையும் அதே கதைன்னா, நானும் தெல்மாவும் பக்கத்து ஊர் ஆக்கன்லீ வகுப்புக்குப் போயிடறோம். அங்க வண்டி நிறுத்தவாவது இடம் இருக்கு."

எட்டில் இரண்டு போனால் ஆறு. ஆறு பேரை வைத்து நான்கு ஜோடி நிறுத்த முடியாது. வகுப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

மறுநாள் காலை செங்கா கஞ்சியைத் தொடாமல் கடுகை நகர்த்திக்கொண்டிருந்தாள். டூகல், அவள் கணவன், குளிர்காலத்தில் பனி உருகச் சாலைக்கு உப்பு தூவும் லாரி ஓட்டுகிறவன். நடனத்தில் அவனுடைய பங்கு வாசலில் காத்திருந்து அவளைக் கூட்டிவருவது மட்டும்.

"கடுகு இப்போ எங்க பார்க்குது?"

"கடுகு எங்கடா பார்க்கும்? அது பாட்டுக்கு இடத்துக்குப் போகுது."

"அதான் கேட்டேன். மிளகு டப்பாவுக்கு முகம் எது? நீ திருப்பினாலும் ஒண்ணுதான், திருப்பாட்டியும் ஒண்ணுதான்."

அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து டீக் கோப்பைகளை எடுத்து வந்தான். "இந்தக் கைப்பிடிதான் மூக்கு. இப்போ ஓட்டு."

அவள் ஒரு கோப்பையை நடுவுக்குக் கொண்டுபோய், அங்கேயே திருப்பி, நேராக ஓரத்துக்குத் தள்ளினாள். மூக்கு ஜன்னலைப் பார்த்தது.

"நீ நின்ன இடத்துல திருப்பிட்டு அப்புறம் ஓட்டுறே, கண்ணு. எந்த வண்டி அப்படித் திரும்பும்? போய்க்கிட்டே திரும்பணும், திரும்பிக்கிட்டே போகணும்."

செங்கா மறுபடி நகர்த்தினாள். நடுவில் தொடங்கிய திருப்பத்தை நிறுத்தாமல், கோப்பையை வளைத்துக்கொண்டே கொண்டுபோனாள். அது ஓரத்தைத் தொட்டபோது ஒரு முழுச் சுற்று முடிந்து, மூக்கு எதிர்க் கோப்பையைப் பார்த்தது.

"சண்டாளா," என்றாள். "ரெண்டு வாரமா சொல்லாம உட்கார்ந்திருந்தியா?"

"ரெண்டு வாரமா உப்பில்லாத கஞ்சி குடிச்சேன். அப்புறம்தான் சொன்னேன்."

வியாழனன்று மற்ற ஏழு பேரையும் அவள் வீட்டுக்கே வரவழைத்தாள். சோபாவை நடைவழியில் தள்ளிவிட்டு, கம்பளத்தைச் சுருட்டிவிட்டு ஆடினார்கள். மர்டோ இரண்டு முறை கணப்படுப்பில் முட்டிக்கொண்டார். மூன்றாம் முறை தெல்மாவின் கை கிடைத்தது.

சனிக்கிழமை விழாவில் அறுபது பேர். அக்கார்டியன் ஈரத் தொப்பியின் மெட்டை எடுத்தது. செங்கா நடுவில் தன் ஜோடியைச் சந்தித்தாள். தோளை இழுத்தாள், கால்கள் வளைந்து போயின, திரும்பி முடித்தபோது மற்ற ஏழு முகங்களும் வரவேண்டிய இடத்தில் இருந்தன. பக்கத்தில் ஆக்கன்லீக்காரர்கள் எட்டுப் பேரும் முதுகு காட்டிச் சுவருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். செங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீட்டு மேசையிலும் உப்பும் மிளகும்தான் ஆடியிருக்கும்.

டீ இடைவேளையில் ஆக்கன்லீ ஆசிரியை முகம் சிவக்க வந்தாள். "அந்த ஒரு வரியை எப்படிங்க படிச்சீங்க?"

செங்கா வாயில் இருந்த கேக்கை விழுங்குவதற்குள் மர்டோ தன் கோப்பையை மேசையில் வைத்து, கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். "இதான் மூக்கு. எங்க செங்காகிட்ட கத்துக்கிட்டது. இப்படி ஓட்டணும்..." டீயைச் சிந்தியபடி ஒரு முழு வளைவு வளைத்தார்.

பிறகு, துடைக்கத் துணி தேடுகிறவர் போல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே செங்காவிடம் கேட்டார்:

"செவ்வாய்க்கிழமை ஏழரைக்குத்தானே?"