அம்மாவை மேலே போகச் சொன்ன கோச்

கோச் இறந்துவிட்டார். இன்று காலை நண்பன் எட்டியென் போன் எடுத்துச் சொன்னான். நானும் அவனும் யூனிவர்சிற்றியில் ஒரே ஃபுட்போல் டீம்.

மொன்றியலில் ஃபுட்போல் பார்க்கிற எல்லோரும் அவருடைய படத்தைப் போட்டு "லெஜண்ட்" என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

"அவர்" என்றே எழுதுகிறேன்... அது அம்மா வளர்த்த விதம். அவருக்கான மரியாதை இல்லை.

தெரியாதவர்களுக்கு: இது ஹெல்மெட் போட்டு மோதுகிற அமெரிக்க ஃபுட்போல், கனடா விதிகளோடு. நான் மோதுகிறவன் இல்லை, கிக்கர். பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது என் வேலை.

என்னைக் கண்டுபிடித்ததே அவர்தான். நகரத்தின் லாசால் பகுதியில் ஒரு பார்க்கில் சொக்கர், அதாவது சாதாரணக் கால்பந்து, விளையாடிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முதல் சீசன் முழுக்கக் கையுறைகூடப் போடாமல், குளிரில் முழங்காலில் நின்று நான் உதைக்கப் பந்தை நிலத்தில் நிறுத்திப் பிடித்தார்.

அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் கோபம் இன்னும் கூட.

டீமில் ஒரு வழக்கம் இருந்தது. இலை கொட்டுகிற காலத்தில் ஒரு மட்ச்சுக்கு முன், விளையாடுகிறவர்கள் அப்பா அம்மாவோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து போகவேண்டும். மைக்கில் பெயர் சொல்வார்கள். அம்மாமாருக்கு ஒரு வெள்ளைப் பூ.

அப்பா பேக்கரி கொம்பனியில் லீவு கேட்டு வந்தார். அம்மா அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய மயில்கழுத்துச் சேலையை உடுத்து, மேலே வின்ரர் ஜக்கெற் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஸ்டேடியத்தின் உச்சி வரிசையில்... அப்பா யார் யாருக்கோ கை தட்டிக்கொண்டிருந்தார். கீழே இடமில்லை என்று உதவிக் கோச் ஒருவர் இங்கிலிசில் சொல்லி அனுப்பியதை நம்பியிருந்தார்.

அம்மா நம்பவில்லை. அவர் ஒரு garderie-இல், பிள்ளைகள் காப்பகத்தில், பிரெஞ்சுப் பிள்ளைகளைப் பார்க்கிறவர். பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு.

கோச் தன் உதவியாளரிடம் பிரெஞ்சில் சொன்னது முழுக்க அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வந்தது போல உடுத்திருக்கிறார்கள், கேமரா எல்லாம் இருக்கிறது, மேலே அனுப்பு. உதைக்கிறவனுக்கு எதற்கு அப்பாவும் அம்மாவும்?

சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அடுத்த நாள் அம்மா எனக்குச் சொன்னார். அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

நான் நேரே போய்க் கோச்சிடம் கேட்டேன். உன் அம்மாவுக்குப் பிரெஞ்சு பிழையாக விளங்கியிருக்கும் என்றார். ஒரு pardon சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அந்த சீசனோடு விலகி, இதே நகரத்தில் அவருக்குப் பரம எதிரியான டீமுக்குப் போனேன். டீம் மாறினால் ஒரு வருடம் மட்ச் ஆடக் கூடாது என்பது விதி. அந்த வருடம் முழுக்க ஆற்றங்கரையில் தனியாக உதைத்தேன். ஒவ்வொரு பந்திலும் அவருடைய முகம்தான்...

பிறகு அவருடைய மைதானத்துக்கே போனோம். கடைசி நிமிடம் வரை சமன். நல்ல காற்று. என்னை உதைக்க அனுப்பினார்கள்.

கனடா ஃபுட்போலில் ஒரு விசித்திரம் உண்டு. பந்து கம்பங்களுக்கு வெளியே போனாலும், பின்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு புள்ளி. ரூஜ் என்பார்கள். கோச்சுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. பிழை விடுகிறவனுக்குப் போடுகிற பிச்சை என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

உதைத்தேன். பந்து கம்பத்துக்கு வெளியேதான் போனது. ஆனால் போய்க்கொண்டே இருந்தது... அவருடைய ஆட்கள் ஓடிப் பிடிக்க முன்பே பின்கோட்டைத் தாண்டிவிட்டது.

ஒரு புள்ளி. அவர் தோற்றார். அதுவும் ரூஜில்.

மட்ச் முடிந்து கை கொடுக்க வந்தார். நான் என் கையைக் கொடுக்கவில்லை.

அப்போது பார்த்தால் அம்மா படிகளில் இறங்கி வந்துகொண்டிருக்கிறார். அதே மயில்கழுத்துச் சேலை. ஜக்கெற்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், அந்தக் குளிரில். யாரும் அவரை மறிக்கவில்லை.

கோச்சுக்கு முன்னால் வந்து நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல் பிரெஞ்சில் கேட்டார். எங்கள் தமிழில் சொன்னால்:

"Bonjour, ஐயா. நான் உதைக்கிறவன்ர அம்மா. இண்டைக்குக் கீழ நிக்கலாமோ?"

கோச்சின் காது இரண்டும் சிவந்ததைப் பார்த்தேன். தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு "oui, madame" என்று ஓம் சொன்னார்.

அவ்வளவுதான். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று காலைப் போனில் எட்டியென் இன்னொன்றும் கேட்டான். சவப்பெட்டி வரும்போது பழைய வீரர்கள் எல்லோரும் ஜேர்சி போட்டு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கப் போகிறார்களாம். நீயும் வா, செத்தவரோடு என்ன கணக்கு என்றான்.

வரமாட்டேன் என்றேன். செத்ததால் அவர் சொன்னது சொல்லாததாகிவிடுமா?

அம்மாவுக்கு போன் எடுத்துச் செய்தியைச் சொன்னேன். சாவைக் கேட்டால், ஆர் எவர் என்று பார்க்காமல் "ஐயோ பாவம்" என்று சொல்கிறவர் அவர்.

"ஓ... அப்பிடியே?" என்றார். "சரி. நீ சாப்பிட்டனியே?"

பந்து பிடித்த கைகளுக்கு நன்றி. மற்றதற்கு மன்னிப்பு இல்லை.

"போயிட்டு வாங்கோ" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போங்கோ, கோச்.