உறைபெட்டியில் மூன்று ஷூக்கள்

கட்டைவிரல் நகத்தை ரப்பருக்குள் அழுத்துகிறார். எடுக்கிறார். அழுந்திய பள்ளம் மெல்ல மேலெழுந்து வருவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். பிறகு ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். எங்கள் கடைக்கு வருகிற மற்றவர்கள் ஷூவுக்குள் காலை விட்டுப் பார்ப்பார்கள். மொரோசுமி எய்ஜி இதுவரை ஒன்றையும் போட்டுப் பார்த்ததில்லை. அவர் ஓடுகிறவர் அல்ல. தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் காரில் போகிறவர். ஓடுவது அவர் மனைவி சிசுரு. யாட்சுகதாகே மலைமுகட்டில், அதுவும் பனிக்காலத்தில்.

"வாடை சரியில்லம்மா," என்று ஷூவை என்னிடம் நீட்டுகிறார். "குளிர்ல இது கல்லாயிடும்."

நானும் முகர்ந்து பார்க்கிறேன். எனக்குப் புது ஷூ வாசனைதான் வருகிறது.

மூன்று கடை தள்ளி அவருடைய டயர் கடை. நவம்பர் கடைசியில் அங்கே நிற்க இடம் இருக்காது. ஊரே பனி டயர் மாற்ற வரிசையில் நிற்கும். மலை மூன்று தரம் வெளுத்தால் நாலாவது தரம் பனி நம் வாசலில் என்பது இங்கே எல்லாரும் போடுகிற கணக்கு. இரண்டு தரம் வெளுத்தாகிவிட்டது. ஆனாலும் மொரோசுமி எங்கள் ஷூ அலமாரி முன்னால் நிற்கிறார். அவருடைய கூட்டாளி கோமாட்சு கையில் ஸ்பானரோடு வாசலில் வந்து கத்துகிறார்.

"டேய் மொரோசுமி! பேசாம உன் பொண்டாட்டிய ஜாக்கி போட்டுத் தூக்கு, நாலு டயரையும் நான் மாட்டி விட்டுடறேன்!"

மொரோசுமி திரும்பாமலே பதில் சொல்கிறார். "அவளுக்கு ரெண்டுதான்டா. அதான் பிரச்சினையே. ஒண்ணு வழுக்கினா மிச்சம் ஒண்ணுதான்."

குட்டையான ஆள். கழுத்து தோளோடு ஒட்டியிருக்கும். எந்த சோப்புக்கும் போகாத கறுப்புக் கோடுகள் நகக்கண்ணில் உண்டு. தேநீர் கொடுத்தால் கோப்பையை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்துக் குடிப்பார். சட்டைப்பையில் டயர் பட்டனின் ஆழம் பார்க்கிற சின்ன அளவுகோல். ஷூவின் அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளையும் அவர் பட்டன் என்றுதான் சொல்கிறார். அளவுகோலை அதற்குள் செருகிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பழையபடி அலமாரியில் வைப்பார். வைத்த ஷூவைப் பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுப்பார்.

போன பிப்ரவரியில் நடந்ததை அவர் எங்களிடம் சொன்னதில்லை. ஊருக்கே தெரிந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது? மழலையர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கும் சிசுரு, விடுமுறை நாளொன்றில் இரண்டு தோழிகளோடு முகட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பனி மூடாத பாறை என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் கண்ணாடி போல உறைபனி. சறுக்கிக்கொண்டு போனவளை ஒரு பூர்ஜ மரம் தடுத்தது. மணிக்கட்டு உடைந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அன்று அவள் காலில் இருந்தது மொரோசுமி வெளியூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்த ஷூ. "பட்டனைப் பாரு, டிராக்டர் மாதிரி," என்று ஊரெல்லாம் காட்டிய ஷூ. சேற்றிலும் புதுப்பனியிலும் அது டிராக்டராகத்தான் இருந்தது. குளிர் ஏறியதும் அந்தப் பட்டன்கள் கட்டையாகிவிட்டன.

ஒருமுறை சிசுருவும் கூட வந்திருந்தாள். கணவனை அவள் 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். மகன் நகோயாவுக்கு வேலைக்குப் போய் நாலு வருடமாகியும் மகனுக்காகத் தொடங்கிய அந்த அழைப்பு மாறவில்லை.

"நான் ஷூவால விழலப்பா. அன்னிக்கு ஃபுஜி மலை அவ்வளவு சுத்தமா தெரிஞ்சுது. வாயைப் பொளந்து அதையே பாத்துட்டு ஓடினேன். போதுமா?"

"ஃபுஜிய பாக்க விடணும்," என்றார் மொரோசுமி. "கீழ பாக்காம ஓட விடற ஷூதான் ஷூ."

சிசுரு என்னைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றினாள். "இவரு டயர் வாங்க வந்தவங்ககிட்டயும் இப்படித்தான். பாவம், பாதிப் பேர் பயந்து போய் பஸ்ல ஏறிடறாங்க."

எங்கள் கடை மேலாளர் உஷியாமா, காட்சிக்கு வைத்துப் பழசான ஒற்றை ஷூக்கள் மூன்றை அவருக்கு இரவல் கொடுத்தார். அவை மொரோசுமி வீட்டு உறைபெட்டிக்குள் கியோசா கொழுக்கட்டைப் பாக்கெட்டுகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தன. ராத்திரி முழுக்க உறையவைத்து, காலையில் டயர் கடைப் பின்புறம் எடுத்துவருவார். அங்கே ஆற்றிலிருந்து கொண்டுவந்த பாறைப் பலகை ஒன்று, தண்ணீர் ஊற்றி உறையவைத்தபடி கிடக்கும். ஷூவுக்குள் சக்கர நட்டுகளைப் போட்டு நிரப்பி, மீன் நிறுக்கும் தராசுக் கொக்கியை மாட்டி, பலகைமேல் இழுத்துப் பார்ப்பார். "நேத்து மீன் எடுக்கக் கையை விட்டா, ஷூவோட நாக்கு கையில வருது," என்று சிசுரு பள்ளியில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அவருடைய முகத்தைப் பார்த்தாலே முடிவு தெரியும்.

"ஆழமான பட்டன் வச்சது பனியில நல்லா கடிக்குது. பாறையில ஆடுது. மிருதுவான ரப்பர் பாறையில ஒட்டுது, ஆனா இடுக்குல பனி அடைச்சுக்குது. தண்ணி புகாத துணி போட்டது இருக்கே, கால் நனையாது. சரி. மேல்வழியா ஒரு வாட்டி பனி உள்ள போயிடுச்சுன்னா? போன தண்ணி வெளிய வராது. விரல் செத்துடும்."

"உறைபனியில எது நல்லா பிடிக்குது?" என்று கேட்டேன்.

"எதுவும் பிடிக்கலம்மா."

உறைபனிக்கு ஷூமேல் முள்சங்கிலி மாட்டத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். சிசுருவும் மாட்டுவாள். ஆனால் முகட்டில் பத்தடி பனி, பத்தடி பாறை, பத்தடி சேறு. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து மாட்டிக் கழற்ற முடியாது. கழற்றிய இடத்துக்கும் மாட்ட வேண்டிய இடத்துக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச தூரம்தான் மொரோசுமியைத் தூங்கவிடாத தூரம்.

பிறகு சிசுரு கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் குளிர்காலத்தின் முதல் ஓட்டம். சனிக்கிழமைக்குள் அப்பா ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போன குளிர்கால டிராக்டரையே போட்டுக்கொண்டு போவாள்.

அந்த வாரம் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லு, எது?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். காப்பீட்டுக்காரர் வந்தாலும் புது அரிசிக்குக்கர் வாங்கினாலும் 'நீ படிச்சவ, சொல்லு' என்றுதான் வீட்டிலும் என் பக்கம் திரும்புவார்கள். மொரோசுமிக்காக இணையத்தில் வந்த அபிப்பிராயங்களையெல்லாம் படித்தேன். மூன்று ஷூவுக்கும் உள்ள நல்லது கெட்டதை வரிசையாகச் சொன்னேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா. எது?"

நான் மறுபடி முதல் ஷூவின் நல்லதிலிருந்து தொடங்கினேன். அவர் கேட்பது நல்ல ஷூவை அல்ல, இன்னொரு ஆளை, என்று பட்டது. ஏதாவது ஆனால், தான் மட்டுமே தேர்ந்தெடுத்ததாக இருக்கக் கூடாது. நாலு வருடப் படிப்பில் இரண்டு பக்கமும் பேசக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கம் போய் நிற்க எங்கே கற்றுக்கொடுத்தார்கள்? அல்லது அவர்கள் கற்றுக்கொடுத்து நான்தான் கவனிக்கவில்லையா? மொரோசுமி என் தோளைத் தட்டிவிட்டு, "பரவால்ல, எனக்கும் அப்படித்தான்," என்று போய்விட்டார்.

அவருக்குச் சாமி, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. கார்க் கண்ணாடியில் கோயில் தாயத்தைத் தொங்கவிட்டு வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். "தாயத்து பிரேக் போடாதுங்க. ரப்பர்தான் போடும்." அதே வாரம் எங்கள் கடையில் ஓர் அம்மாள் பேரனுக்கு ஷூ வாங்கினாள். பொழுது சாய்ந்திருந்தது, பையன் அதை உடனே போட்டுக்கொண்டு போக அடம்பிடித்தான். பொழுது சாய்ந்தபின் புதுக்காலணியோடு வாசல் இறங்குவது பிணம் புறப்படுகிற முறை என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் அடியில் கொஞ்சம் கரி பூசி, அதைப் பழசாக்கிவிட வேண்டும். அந்த அம்மாள் கேட்டதும், உஷியாமா விறகடுப்பின் மேலிருந்த கெண்டியைத் தூக்கி, அதன் அடிக்கரியைத் தொட்டுப் பூசிக் கொடுத்தார். மொரோசுமிக்குப் பொறுக்கவில்லை.

"கரி பட்டா ரப்பர் வழுக்கும்ங்க! பையன் விழுந்து வைப்பான்!"

"உன் டயர் கறுப்பா இருக்கறதே கரியாலதானய்யா?" என்றார் உஷியாமா.

"அது உள்ள கலந்த கரி. மேல பூசினா வெறும் அழுக்கு."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மொரோசுமி நாலைந்து தரம் வந்துபோனார். ஒவ்வொரு தரமும் அலமாரி முன்னால் நின்றார், கையை நீட்டினார், எடுக்காமல் போனார். வேலை முடிந்து சிசுரு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவள்மேல் மிசோ சூப்பு மணத்தது. மலை அன்று காலையில் மூன்றாவது தரமாக வெளுத்திருந்தது.

"சொல்லுப்பா."

மொரோசுமி தரையைப் பார்த்தார். உறைபெட்டியிலிருந்து வந்த மூன்று ஒற்றை ஷூக்களும் பலகையில் வரிசையாக இருந்தன. "இது... பாறையில..." என்று தொடங்கி, "ஆனா பனி..." என்று நிறுத்தினார்.

சிசுரு செருப்பைக் கழற்றினாள். பிறகு தன் அளவில் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, தடித்த கம்பளிக் காலுறையோடு ஒவ்வொன்றாகப் போட்டு, கடை மாடிப்படியில் ஏறி இறங்கினாள். ஏறியதைவிட வேகமாக இறங்கினாள். மொரோசுமி கீழ்ப்படியில் இரண்டு கையையும் லேசாக விரித்தபடி நின்றார், பந்து பிடிக்கிறவர் மாதிரி. இரண்டாவது ஜோடியில் அவள் நின்றுவிட்டாள்.

"இது."

"ஏன் இது?"

"குதிகால் ஆடல. இறங்கறப்ப விரல் முன்னாடி போய் இடிக்கல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நான் எடுத்தேன்பா. நான் எடுத்தது. சரியா?"

அவர் தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

நான் பெட்டியை எடுக்கப் போனேன். சிசுரு வேண்டாம் என்றாள். நாளைக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும், ஆற்றோரமாக இப்போதே நடந்து போனால் கால் பழகிவிடும் என்றாள். சமையல்கூட ரப்பர் செருப்பைப் பைக்குள் திணித்தாள். ஒரு ஷூவை மாட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். மற்றதைக் கையில் எடுத்தாள். தெருவிளக்கு எரிந்தது.

மொரோசுமி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மனைவியின் காலைப் பார்த்தார்.

"அதைக் குடு. பட்டனைப் பாக்கணும்."

"இன்னுமா!" என்றபடி சிசுரு கொடுத்தாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கெண்டி மூடி அசைகிற சத்தம் கேட்டது. நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. கெண்டியின் அடியில் அதை அழுத்தித் தேய்த்தார். வாரக்கணக்காக முகர்ந்தும் உறையவைத்தும் இழுத்தும் பார்த்த அந்த ரப்பரின் மேல், பட்டன் பட்டனாக, கரியைப் பூசினார்.

பிறகு திரும்பாமலே, மற்ற ஷூவுக்காகக் கையைப் பின்னால் நீட்டினார். சிசுரு அந்தக் கறுத்த விரலைப் பார்த்தாள். குனிந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, அடிப்பாகம் மேலே இருக்கும்படி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.