எங்களை ஏற்க மறுத்த சட்டத்தரணி

சட்டத்தரணி ஞானசேகரம் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர், வீடு விற்பனை முகவராக இருக்கும் என் கணவரின் மச்சான் ரூபன். கனடாவில், மார்க்கம் நகரில் நான் வேலைசெய்யும் மருந்தகத்தின் பின்னறையில் மதியச் சாப்பாட்டைத் திறந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "ஞானம் அங்கிள் போட்டார். காலமை நெஞ்சு நோகுதெண்டவராம்" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. அந்த மனிதர்மேல் ஒரு காலத்தில் நான் வைத்திருந்த கோபம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அவரை அறிந்த உங்களில் பலருக்கு வீட்டுச் சாவியைக் கையில் தந்தவர் அவர். என்னை முதற்சந்திப்பில் பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பினார்.

இங்கே எங்கள் ஈழத்து ஆட்களிடையே வீடு வாங்குவதென்றால் முகவர், கடன் எடுத்துத் தருபவர், சட்டத்தரணி எல்லாரும் ஒரு கட்டாகத்தான் வருவார்கள். ரூபன் ஸ்காபரோவில் காட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் இருந்தன. மாமாவும் மாமியும் அங்கே இருக்கலாம் என்பதற்காகவே அந்த வீட்டுக்கு ஆசைப்பட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துக் காயமுன்னமே, ஞானம் அங்கிளிடம் போங்கள், மிச்சத்தை அவர் பார்ப்பார் என்று ரூபன் சொல்லிவிட்டார். சட்டத்தரணியைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிள் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தைப் பார்த்தார். விற்பவரின் பெயரைப் படித்தார். மூடி எங்கள் பக்கம் தள்ளினார்.

"வீட்டை விக்கிறவருக்கு நான்தான் லோயர். உங்களுக்கும் நான் நிண்டால், ரெண்டு பேரில ஒராளுக்கு நான் கள்ளன்."

ரூபனுக்குத் தொலைபேசி எடுத்தோம். அதே அலுவலகத்தில் இன்னொரு சட்டத்தரணிப் பெண் இருக்கிறாள், அவளுடைய பெயரில் செய்யலாம், இது புதுமையில்லை என்றார் ரூபன். அங்கிள் அதற்கும் மசியவில்லை. எந்த அறையில் இருந்தாலும் கோப்பு தன்னுடைய அலுமாரியில்தானே கிடக்கும் என்றார். மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. கதவடியில் வைத்து மட்டும் ஒன்று சொன்னார்.

"ஆரிட்டைப் போனாலும், கோப்பை ஆர் வாசிக்கிறது எண்டு கேளுங்கோ."

கோபத்தோடுதான் என்றாலும் கேட்டோம். ஓர் அலுவலகத்தில் அதை எழுதுவினைஞர் பார்ப்பார் என்றார்கள். இன்னோரிடத்தில் எல்லாம் கணினியே பார்க்கும் என்றார்கள். மூன்றாவதாக எடுத்தபோது தொலைபேசியைத் தூக்கியவரே சட்டத்தரணி. பெயர் சுமதி, மதுரைக்காரர். "நான்தாங்க படிப்பேன். ரெண்டு தடவை படிப்பேன்" என்றார். வெளியாளிடம் போகிறோம் என்று ரூபன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

வீட்டில் வில்லங்கம் இருந்தால் ஆட்சேபம் எழுப்ப ஒப்பந்தம் தந்திருந்த கடைசி நாளுக்கு முதல்நாள் சுமதி எங்களை அழைத்தார். கீழ்த்தள அறைகள் அனுமதியில்லாமல் கட்டப்பட்டவை. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை என்று மாநகரசபை கொடுத்த கட்டளை ஒன்று அந்த வீட்டின்மேல் அப்படியே நிற்கிறது. வாங்கினால் அந்தக் கட்டளை எங்கள் தலையில் விழும். மாமியைப் படுக்க வைக்க நாங்கள் பார்த்து வைத்திருந்தது அந்த அறைதான்.

சுமதி எழுதிய கடிதத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது ஞானம் அங்கிளிடமிருந்து, ஒருவரியில் பதில் வந்தது. நீங்களே விசாரித்துத் திருப்திப்பட்டுக்கொள்ளவும் என்றிருந்தது. எல்லாரும் எழுதுகிற பதில்தான், விடமாட்டேன் என்றார் சுமதி. அடுத்த கடிதம் வந்தது. குறித்த நாளில் வீட்டை ஏற்காவிட்டால் முற்பணமும் போகும், வழக்கும் வரும் என்று எழுதி அங்கிள் கையெழுத்திட்டிருந்தார். நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மாமி சாமான் பெட்டிகளுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டார். என் கணவர் சாப்பிடாமல் திரிந்தார். அந்தக் கிழவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நான் வாய்விட்டுத் திட்டினேன். சுமதி அசையாமல் கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். வீடு கைமாறுவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், கட்டளையை விற்பவரால் தீர்க்க முடியாது, ஒப்பந்தம் முடிகிறது, முற்பணம் திரும்பும் என்று அங்கிள் எழுதினார். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

மூன்று மாதம் ரூபன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தோம். வெளிவாசல் இருக்கிறதா என்று மாமி முதல்நாளே தேடிப் பார்த்தார்.

பிறகு அஜக்ஸ் என்ற ஊரில் ஒரு வீடு சரிவந்தது. சுமதி அந்த நேரம் பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருந்தார். ஞானம் அங்கிளிடம் போவோம் என்றேன். எங்களுக்கு எதிராக நின்ற ஆளிடமா என்று கணவர் கேட்டார். அந்த வீட்டுக்காரருக்காக அப்படி நின்றவர் எங்களுக்காகவும் நிற்பார் என்றேன். நின்றார். மதிலோரமாக ஒரு முழ நிலத்துக்கு எதிர்த்தரப்பை அவர் படுத்திய பாட்டைப் பார்க்க, அந்த மனிதர்கள்மேல் எனக்கே இரக்கம் வந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்தபிறகு, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். எங்களைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கே கீழ்த்தள விஷயம் அவருக்குத் தெரியுமா? அவர் பேனையை மூடினார்.

"உது இன்னொருத்தற்ற கோப்பு, பிள்ளை. உதை என்னட்டைக் கேக்கக்கூடாது."

எங்கள் அஜக்ஸ் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஏன் என்பதை நானும் கணவரும் அவர் முன்னால் இருந்து சொன்னோம். சொல்லும்போது கணவர் தலை நிமிரவில்லை. சொந்தங்களுக்கு அது தெரியாது. ஒரு பிறந்தநாள் விழாவில் ரூபன், அங்கிளிடம் அந்தக் காரணத்தைக் கிண்டிக் கேட்டதை, இரண்டு கதிரை தள்ளியிருந்த நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கொத்துரொட்டி ஆறுது, சாப்பிடும்" என்றார் அங்கிள். ரூபன் பிறகு கேட்கவேயில்லை.

இறுதிச்சடங்கில் அந்த ஸ்காபரோ வீட்டுக்காரரும் நின்றார். என்னை அடையாளம் கண்டு தலையை அசைத்தார், நானும் அசைத்தேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. அங்கிளுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. எனக்கு அவர் சொல்ல மறுத்த அந்தப் பதிலைத்தான் அவருடைய நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். பெட்டியை மூடினார்கள். அந்த வீட்டுக்காரருடைய இரகசியமும் எங்களுடையதும் அவரோடு உள்ளே ஒன்றாகப் போயின.