‘அவர’ என்ற இடத்தைத் தாண்டாத பிளேயர்கள்

டிஸ்க் பிளேயர் விற்கிறவனிடம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, “இதையெல்லாம் இன்னும் யாருங்க வாங்கறாங்க?” என்பதுதான்.

மலைமேல் வாங்குகிறார்கள். ஏற்காட்டில் மூட்டம் இறங்கினால் முதலில் எதிர்வீடு மறையும், அடுத்து நெட் போகும். படம் பாதியில் நின்று வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பங்களாக்காரர்கள், நல்ல டிவியும் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறவர்கள், கடைசியில் என்னிடம் வருவார்கள். சேலத்து வியாபாரியிடம் சொல்லி இரண்டு மூன்று பிளேயர்களை வரவழைத்து, வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டி, பொருத்தமானதை வைத்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புவது என் வேலை. யாரும் சொல்லித் தந்ததில்லை. கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கற்றதுதான்.

பீரோவுக்குள் ஒரு கல்யாண சிடியை வைத்துக்கொண்டு, அது ஓடுமோ ஓடாதோ என்று போட்டுப் பார்க்கவே பயப்படுகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நானும் உங்கள் கட்சிதான்.

களத்தில் காய்ந்த சிடி

டிவிடியோ ப்ளூரேயோ, இங்கே எல்லாவற்றுக்கும் சிடி என்றுதான் பெயர். என்னிடம் இருக்கும் ஒரே கல்யாண சிடி என் மைத்துனனுடையது. மாரமங்கலத்தில் நடந்த கல்யாணம். ஸ்பீக்கர் கட்டும் பொறுப்பு என்னுடையது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் என் மனைவி ருக்மணியிடம் வீடியோக்காரர் கேமராவை நீட்டுகிறார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “என்னைய எதுக்குங்க எடுக்கறீங்க? அதா, அந்த ஸ்பீக்கர் பொட்டிக்குப் பின்னால ஒருத்தர் ஒக்காந்திருக்கறாரு பாருங்க, அவர...” என்கிறாள். அங்கே நின்றுவிடும். திறந்த வாயும் நீட்டிய கையுமாக அவள் கட்டம் கட்டமாக உடைந்துபோவாள். என்ன செய்தாலும் நகராது.

தப்பு என்னுடையது. அவள் இருந்தவரை அதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை. கல்யாண வீடியோவை வேகமாக ஓட்டி ஓட்டித்தானே பார்க்கிறோம். அவள் போன மறு வருடம் எடுத்துப் பார்த்தால் மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. துணி காய்வது, மிளகு காய்வது, எல்லாம் இங்கே காப்பிக் களத்தில்தான். சிடியையும் துடைத்து, வீட்டை ஒட்டிய எஸ்டேட் களத்தில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் களத்து வேலை பார்க்கும் செல்லம்மா, பல் வைத்த பலகையால் காப்பியைப் புரட்டுகிற வேகத்தில் அதையும் சேர்த்துப் புரட்டியிருந்தார். மைத்துனனிடம் இருந்த சிடி வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. வீடியோக்காரர் ஊரிலேயே இல்லை. நான் அந்தக் கீறல்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு செல்லம்மா அழாத குறையாகச் சொன்னார்: “ஏனுங்ண்ணா, கொட்டையோட கெடந்தா நானும் கொட்டைன்னுதானுங்க பொரட்டுவேன்!”

மிளகுத் தராசு

நல்ல சிடியை எந்தப் பிளேயரும் படிக்கும். கெட்ட சிடியைப் போட்டால்தான் பெட்டியின் குணம் தெரியும். கீறலைக் கண்டதும் சில பிளேயர்கள் சட்டென்று கைவிட்டுவிடும். சில பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தடவிப் படிக்கும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் சோதனைக்கு என்று ருக்மணியின் சிடியைக் கையோடு கொண்டுபோவேன். வாடிக்கையாளர்களிடம் சொல்கிற காரணம் இது. உங்களிடம் மறைப்பானேன்? ‘அவர’ என்பதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கல்யாணத்தன்று காலையில் எங்களுக்குள் சின்னச் சண்டை. ஆம்ப்பில் இரைச்சல் வருகிறது என்று தாலி கட்டும் நேரத்துக்குக்கூட நான் மேடைப் பக்கம் போகவில்லை. அவரைக் கேட்காதீர்கள், அவரை எழுப்பாதீர்கள், அவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு... எப்படி வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம்.

ஒரு எஸ்டேட்டுக்கு இரண்டு உயர்ரகப் பிளேயர்களைக் கொண்டுபோனேன். முதலாளி சென்னையில். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தலையில். இரண்டிலும் படம் ஒன்றாகத்தான் தெரிகிறது என்று குழம்பிய மனிதர், இரண்டையும் குடோனுக்குத் தூக்கிக்கொண்டு போய் மிளகு நிறுக்கும் தராசில் வைத்தார். எடை கூடியதைத் தட்டிக்கொடுத்து, “இதுதானுங்க” என்றார். சிரிக்க வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அடித்தகடு கனமாக இருந்தால் சிடி அதிராமல் சுற்றும். என் சிடியைப் போட்டேன். கனமான பிளேயர் கொஞ்சம் முயன்று பார்த்தது. அதுவும் ‘அவர’ என்று நின்றது. என் முகத்தைப் பார்த்து, தேர்வு தப்போ என்று ரைட்டருக்குச் சங்கடமாகிவிட்டது: “மொளகுன்னா ஒண்ணக் கடிச்சுப் பாத்துச் சொல்லிப்போடுவனுங்க. இதுல எங்கீங்க கடிக்கறது?”

கணப்புக்குப் பக்கத்தில்

புதிதாக மலைக்குக் குடிவந்த தம்பதியின் பங்களா அது. பிளேயர் அடிவாரத்திலிருந்து திறந்த வண்டியில், மூட்டத்துக்குள்ளேயே ஏறி வந்திருந்தது. பெட்டி ஐஸாக ஜில்லிட்டிருந்தது. வீட்டுக்காரர் ஆசையாக அதைக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்து, நான் போய்ச் சேருவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டார். சில்லென்ற பெட்டி கதகதப்பான அறைக்குள் வந்தால் உள்ளே வியர்க்கும். லென்சில் பனி பிடிக்கும். சிடியை வைத்தால் ‘டிஸ்க் இல்லை’ என்று எழுதிக் காட்டுகிறது. இவ்வளவு விலை கொடுத்தது இதற்குத்தானா என்று அவர் குதித்தார். அணைத்து வைத்துவிட்டு மூன்று மணி நேரம் பொறுங்கள் என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், மழைக்காலத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரித்து அப்படியே அரை நாள் விடுங்கள்.

சாயங்காலம் அது அழகாக ஓடியது. என் சிடியில் மட்டும் வழக்கமான இடத்தில் நின்றது. அன்றைக்கு அந்த வீட்டுக்காரரின் கோபத்தை இறக்கியது நான் இல்லை, அந்த வீட்டுச் சமையல்காரர். டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: “மலைக்கு மொதமொத வர்றவிய ரெண்டு வளைவுலயே தலை சுத்தி ஒக்காந்துக்கறாங்க சார். அது இருவது வளைவு ஏறி வந்திருக்குதுங்க, செத்த நேரம் உடுங்க!”

செம்மநத்தத்துக்குப் போன பெரிய பெட்டி

இது நான் வெட்கப்பட்டு எழுதுவது. செம்மநத்தத்தில் ஒரு விவசாயத் தம்பதி. மகன் வெளிநாட்டில். அங்கிருந்து அவன் வாங்கி அனுப்பிய ப்ளூரே படங்கள் எதுவும் இங்குள்ள பிளேயரில் ஓடவில்லை. அந்தந்தப் பகுதிப் படம் அந்தந்தப் பகுதிப் பிளேயரில்தான் ஓடும் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். “பையனுக்கு விசா கெடச்சுருச்சுங்க, அவன் அனுப்புன சிடிக்குக் கெடைக்கலையாட்ட இருக்குது” என்று அந்த வீட்டுக்காரர் சிரித்தார். எல்லாப் பகுதிப் படமும் ஓடக்கூடிய சாதாரணப் பிளேயர் ஒன்று அவர்களுக்குப் போதும். நான் அதைக் கொண்டுபோகவில்லை. வியாபாரியிடம் புதிதாக வந்திருந்த, அவர்கள் தேவைக்கு மூன்று மடங்கு பெரிதான பெட்டியைக் கொண்டுபோனேன். அது என் சிடியைப் படிக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் மகன் அனுப்பிய படத்தைப் போடுவதற்கு முன்பே என் சிடியைப் போட்டேன். ‘அவர’ என்று நின்றது. துடைத்து இன்னொரு முறை போட்டேன். அப்போதும் நின்றது. மூன்றாவது முறை டிரேயைத் திறந்தபோது, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா மெதுவாகக் கேட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுட்டது. மறு வாரம் சின்னப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவர் கேட்டது இதுதான்: “ஏனுங்க, இது எங்களுக்குக் கொண்டாந்த பொட்டிங்களா, உங்களுக்குக் கொண்டாந்த பொட்டிங்களா?”

டீச்சரம்மா வீட்டில் ஒரு மத்தியானம்

ஏரிப் பக்கம் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், ஹாலில் நல்ல ஸ்பீக்கர்களாக ஐந்து வைத்திருந்தார். அதற்கு ஈடான பிளேயர் வேண்டும் என்றார். வியாபாரி நடுத்தரத்தில் ஒன்றும் உயர்ரகத்தில் ஒன்றும் அனுப்பியிருந்தார். ஹாலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன்: “உங்க ஊட்டுக்குச் சின்னதே போதுங்கம்மா. பெருசு வேண்டியதில்லீங்க.” செம்மநத்தம் எனக்கு மறக்கவில்லை.

“அப்பறம் பெருச எதுக்குத் தம்பி தூக்கிட்டு வந்தீங்க?” என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. சிடியைக் காட்டி, களம், கீறல், ‘அவர’ எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மொதல்ல ரெண்டுலயும் இத போடுங்க, நம்முளுது அப்பறம்” என்றார்.

சின்னதில் நின்றது. பெரியதில் போட்டேன். பந்தி வந்தது. ருக்மணி கையைத் துடைத்துக்கொண்டாள். ‘அவர’ என்றாள். படம் நின்றது. உள்ளே லென்ஸ் தேடும் கிர்ரென்ற சத்தம் கேட்டது. நான் எழுந்து டிரேயைத் திறக்கப் போனேன். “இருங்க தம்பி, அது தேடுது” என்றார் டீச்சரம்மா. கையை இழுத்துக்கொண்டேன். ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே நேரத்தில் என் மனைவியின் குரல் வந்தது:

“...எடுங்க. காலையில இருந்து ஒரு வாய் சாப்புடல. நான் கூப்புட்டாக் காதுல உழாது. கேமராவக் கண்டாவாச்சும் நிமிருவாரு. நிமிந்தா, ருக்குமணி எல போட்டு வெச்சிருக்கறா, வரச் சொன்னான்னு சொல்லிப்போடுங்க.”

கேமரா திரும்புகிறது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள். தலைமுடி எல்லாம் கறுப்பு. வாயில் ஒரு துண்டு வயர். வீடியோக்காரர், “அண்ணா, அண்ணா, அக்கா சாப்புட வரச் சொல்றாங்க” என்கிறார். அந்த ஆள் நிமிரவில்லை. கையை மட்டும் ஆட்டி, அப்புறம் அப்புறம் என்கிறான். கேமரா திரும்பப் பந்திப் பக்கம் போய்விடுகிறது. கண்ணில் ஒரு கோபமும் இல்லாமல் பந்தியின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் அவள், இலை போட்ட இடத்துக்குப் பக்கத்தில்.

டீச்சரம்மா திரும்ப ஓட்டச் சொல்லி, தன் செல்போனை டிவிக்கு நேராகப் பிடித்து அதைப் பதிவெடுத்து எனக்கு அனுப்பினார். பெரிய பெட்டியை நானே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனி அது எனக்கு எதற்கு? திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அந்த அம்மா சின்னதையே எடுத்துக்கொண்டார். அதற்கு வயர் போடலாம் என்று டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். மணி மூன்று இருக்கும். கண் சரியாகத் தெரியாததால் ஒரே வயரை மூன்று முறை தப்பான இடத்தில் செருகினேன். சமையலறையில் தோசைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சரம்மாவின் குரல், வகுப்பில் கூப்பிடுகிற மாதிரி:

“அவிய சொல்லி எத்தனை வருசமாச்சு! வயரைக் கீழ வெச்சுட்டு எந்திரிங்க தம்பி. தோசை ஊத்திட்டேன், வந்து ஒரு வாய் சாப்புடுங்க.”

எந்தப் பிளேயர் எந்த வீட்டுக்கு ஏற்றது என்று இந்த மலை முழுக்கச் சொல்லித் திரிந்தவனுக்கு, சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும் என்று சொல்லித்தர இவ்வளவு விலையுயர்ந்த பிளேயர் ஒன்று மலையேறி வர வேண்டியிருந்தது.