கவுன்சிலர் எந்தப் பக்கம்?

நகராட்சிக் கூட்டத்துக்குப் போய், நம் கவுன்சிலர் என்ன பேசுகிறார், எதற்குக் கை தூக்குகிறார் என்று பார்த்துவந்து தெருவுக்குச் சொல்வது சம்பளமில்லாத வேலை. தலைவலி மட்டும் தவறாமல் கிடைக்கும். உங்கள் தலையிலும் யாராவது இதைக் கட்டியிருந்தால் என் பாடு புரியும்.

தொண்ணூறுகளில் எங்கள் ஏரியில் குப்பை கொட்டப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. ஏரி கெட்டால் எங்கள் கிணறுகளும் கெடும். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனாலும் மாதர் சங்கத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள். துணைக்கு, ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த சரோஜா.

மரம் நடும் விழா

அம்பத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு விழாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். "உலகமே சூடாகிக்கொண்டிருக்கிறது தாய்மார்களே!" என்று மைக்கில் முழங்கினார் கவுன்சிலர். எங்களுக்கும் சூடாகத்தான் இருந்தது. நிழல் தந்துகொண்டிருந்த தூங்குமூஞ்சி மரத்தை முதல் நாள்தான் மொட்டையடித்திருந்தார்கள். இறங்கி வந்தவரிடம், ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மரம் முக்கியந்தாம்மா, ஆனா தலைவர் கட்-அவுட்டை மறைக்குதே!"

கை எங்கே?

முதல் கூட்டத்தில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் வலித்ததுதான் மிச்சம். யாருமே கை தூக்கவில்லை. அதிகாரி ஒருவர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் படித்தார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தட்டினால் சம்மதமாம். நம்மவர் எல்லாவற்றுக்கும் தட்டினார். எதெதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. டீ கொண்டுவந்த பியூன் ஏழுமலையிடம் விசாரித்தேன்.

"இன்னாக்கா நீ, போண்டா வந்தாக்கூட அவரு மேசையைத் தட்டுவாரு!"

காபியும் தாயும்

இனி பொறுப்பதில்லை என்று காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனோம். காபி வந்தது. ஏரியைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கினார். "அந்த ஏரி எனக்குத் தாய் மாதிரி" என்றார். சரோஜாவுக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. "சரிங்க, குப்பை தீர்மானம் வந்தா எதிர்த்து ஓட்டுப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பெத்த தாய் விஷயத்துல யாராவது ஓட்டுப் போடுவாங்களாம்மா?"

வெளிநடப்பு

தீர்மானம் வந்தே விட்டது. ஆனால் அன்று அவர் எழுந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! "என் பிணத்து மேலதான் குப்பை லாரி போகும்!" என்று கத்தினார். காகிதத்தைக் கிழித்து எறிந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். இவரையா சந்தேகப்பட்டோம் என்று எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. பின்னாலேயே ஓடினோம். வாசலில் நிறுத்திக் கைதட்டி, கோலி சோடா உடைத்துக் கொடுத்தோம். அவரும் அவசரமில்லாமல் குடித்தார்.

தெரு முழுக்க நல்ல சேதி சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஏரிக்கரையில் குப்பை லாரி நின்றது. நகராட்சிக்கு ஓடிப் போய் ஏழுமலையைப் பிடித்து, எதிர்ப்பு இருந்தும் தீர்மானம் எப்படி நிறைவேறியது என்று கேட்டேன்.

"எதிர்க்கிறதுக்கு உள்ள யாரு இருந்தாங்க? இருந்த ஒருத்தரையும் நீங்க வாசல்ல வச்சி சோடா குடுத்துக்கினு இருந்தீங்க, ஏகமனதா முடிஞ்சிபோச்சுக்கா!"

கவுன்சிலரின் பேச்சில் எங்கள் ஏரி இன்றைக்கும் ததும்பிக்கொண்டுதான் இருக்கிறது, கிணற்றில் வாளி விடும் எங்களுக்குத்தான் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறது.