திரும்பி வந்த பொங்கல்படி

நான்கு ஆண்டுகளுக்கு முன், பொங்கல் நெருங்கிய வாரத்தில் நடந்தது இது. திருநெல்வேலியில், ஆற்றுக்குப் பக்கத்தில் நெருக்கமான தெரு ஒன்றில் எங்கள் வீடு. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். படிப்பு என்னைக் காப்பாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின ஆவணியில்தான் என் இளைய மகளை வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். புரட்டாசி முடியுமுன் பெட்டியோடு வந்துவிட்டாள். அடித்தானா, குடித்தானா, வேறு தொடர்பா என்று துருவித் துருவிக் கேட்டேன். எதுவும் இல்லை என்றாள். இருவருக்கும் மனம் ஒட்டவில்லையாம், பேசி முடிவெடுத்துவிட்டார்களாம், ஓராண்டு பிரிந்திருந்துவிட்டு, சேர்ந்தே நீதிமன்றத்தில் மனுக் கொடுப்பார்களாம். ஒரு குற்றமும் இல்லாமல் கல்யாணத்தை முறிப்பதா? அவன் குடிகாரனாகவாவது இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். தெருவுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

காரணம் கிடைக்காததால் மகளை மறைத்தேன். வாசல் பக்கம் வரவிடவில்லை. அவள் துணிகளை மாடியில் போடாமல் பின்னறையில் கொடி கட்டி உலர்த்தச் சொன்னேன். என் ரத்த அழுத்தத்துக்குப் பயந்து அவளும் பொறுத்துக்கொண்டாள்.

தலைப்பொங்கல் வந்தது. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி என்னும் சீர் போகாவிட்டால் எங்கள் பக்கம் ஊரே கேட்கும். வள்ளியூர்ச் சம்பந்திக்கும் இதே பயம். இரண்டு கிழவர்களும் போனில் பேசி முடிவு செய்தோம்: பெண் இல்லாத வீட்டுக்குப் படி போகட்டும். வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, பனங்கிழங்கு எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றி, கரும்புக் கட்டு வெளியே நன்றாகத் தெரியும்படி கட்டச் சொன்னேன். என் மனைவி வர மறுத்துவிட்டாள். நான் மட்டும் தெரு பார்க்கக் கிளம்பினேன்.

வள்ளியூரில் வண்டி நின்றதும் மாப்பிள்ளை வெளியே வந்தார். எங்கள் ஏற்பாடு அவருக்குத் தெரியாது. கரும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாமா, இத யாருக்கு இறக்குதீங்க?"

சம்பந்திதான் குறுக்கே வந்தார். "ஊர் வாய அடைக்கணும்லா. சும்மா இரு லே."

"அப்ப அவ எங்கன இருக்கா?"

வீட்டுக்குள்தான், யாருக்கும் தெரியாமல், என்றேன். உடனே மாப்பிள்ளை முன்சீட்டில் என்னை நெருக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

எங்கள் வாசலில் இறங்கி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வந்தாள். மூன்று மாதங்களுக்குப் பிறகு தெரு பார்க்க நின்றாள். இருவருமாகக் கரும்பை இறக்கினார்கள். எதிர்வீட்டு அம்மாள் விடுவாரா? தலைப்பொங்கல் படி போன வேகத்தில் திரும்பி வருகிறதே என்று கேட்டேவிட்டார். மகள் தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள்:

"நாங்க பிரியுதோம் பெரியம்மா. அவங்க மேலயும் குத்தம் இல்ல, என் மேலயும் இல்ல. யார் மேலன்னு தேடாதீங்க."

மாப்பிள்ளை ஒரு கரும்பை உருவி அந்த அம்மாளிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள்; விவாகரத்து கிடைத்தது. கல்யாண வீடுகளில் உறவினர்கள் இன்றும் என்னை ஓரமாக இழுத்து, உண்மையில் தப்பு யார் மேல் என்று கேட்கிறார்கள். அவர்கள் இருவர் மேலும் இல்லை, குற்றவாளி ஒருவன் வேண்டுமென்றால் பெற்ற மகளை ஒளித்துவைத்த என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்காக என் மகளிடம் நான் தலைகுனிந்தது உண்டு. நேர்மையாக முடிந்த அவள் கல்யாணத்துக்காக வேறு எவர் முன்னாலும் இந்தத் தலை இனிக் குனியாது.