டெல்ஃபா படம் பார்க்க வந்தார்

நீண்ட மரத்துடுப்பால் செம்புத் தட்டை விறகடுப்பிலிருந்து இழுக்கும்போதே, வரிசையில் நிற்பவர்களைத் திட்டத் தொடங்கிவிடுவார் டெல்ஃபா. "தள்ளி நில்லுங்க. சுட்டா அப்புறம் என்னைத்தான் சொல்லுவீங்க!" தட்டில் கொண்டைக்கடலை மாவும் எண்ணெயும் சேர்ந்து வெந்த தோர்த்தா, ஓரம் முறுகி, நடுவில் இளகிக் கிடக்கும். இடது கையால் கத்தியைப் பிடித்து வெட்டி, மடித்து, ரொட்டிக்குள் திணித்துத் தருவார்.

யார் பெயரும் அவர் நினைவில் நிற்காது. மிளகு மட்டும் நிற்கும். வக்கீல் 'மிளகு கொஞ்சம்'. பாதிரியார் 'மிளகே வேண்டாம்'. பதினோரு வருடமாக அங்கே மதியச் சாப்பாடு சாப்பிடும் நான் 'அள்ளிக்கொட்டு'.

"வாடா, அள்ளிக்கொட்டு. ஒரு நிமிஷம் பிந்திட்டே."

"இன்னைக்கு ரொம்ப நல்லாயிருக்கு அக்கா" என்றால் தொலைந்தோம். "ஏன், நேத்து நல்லா இல்லையா?"

எழுபத்து மூன்று வயது. முழங்கை வரை பழைய தீத்தழும்புகள். கடையில் இருக்கும் ஒரே நாற்காலியில் ரேடியோ உட்கார்ந்திருக்கும். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. லிவோர்னோ துறைமுகத்தில் பாதிப் பேரின் வயிறு அவரை நம்பித்தான் இருக்கிறது. ஆனாலும் ஊர் அவரை நினைவு வைத்திருந்தது வேறு காரணத்துக்காக.

அவருக்கு இரண்டு தங்கைகள். நடுவில் பிறந்த நெவியா படம் இயக்குகிறவர். கடைக்குட்டி ஆர்ஜியா அந்தப் படங்களுக்கெல்லாம் ஒளிப்பதிவு. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து 'ஈரத்துணி' என்று ஒரு படம் எடுத்தார்கள். அதில் சலவைக்கடை நடத்தும் ஓர் அக்கா, ரோமுக்குப் புறப்படும் தங்கையைக் கன்னத்தில் அறைந்து அறைக்குள் பூட்டி வைக்கிறாள். தங்கை ஜன்னல் வழியே இறங்கிப் போய்விடுகிறாள். சலவைக்கடை என்று மாற்றினால் மட்டும் ஊருக்குத் தெரியாதா? எதிர்க்கடை மீன்காரர் ஒஸ்வால்தோ காலையில் கடை திறந்ததும் கேட்கும் முதல் கேள்வியே, "என்ன டெல்ஃபா, இன்னைக்கு யாரைப் பூட்டி வச்சிருக்கே?" என்பதுதான்.

"உன் வாயைப் பூட்டத்தான் பூட்டு தேடிக்கிட்டிருக்கேன்" என்பார் டெல்ஃபா. சிரிக்க மாட்டார். அந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை. நெவியாவைக் கடைவாசல் மிதிக்கவும் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆர்ஜியா மட்டும் வருவார், சாப்பிடுவார், நெவியாவின் பெயரை எடுக்காமல் போவார்.

நான் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் திரையரங்கில் டிக்கெட் கிழிக்கிறவன். இந்த வசந்தத்தில் அங்கே ஒரு வாரம் இந்தச் சகோதரிகளின் படங்கள் மட்டும். ஒன்பது படம், இருவரும் நேரில் வருகிறார்கள். சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"ஒட்டட்டுமா அக்கா?"

"ஒட்டு. கண்ணாடியில விரிசல் இருக்கு, மறையும்."

நான்காம் நாள் 'ஈரத்துணி'. படம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கறுப்புக் கோட்டும் வெளியே போகும்போது போடும் செருப்புமாக என் முன்னால் வந்து நின்றார். கடையைப் பாதி மாவோடு அடைத்துவிட்டு வந்திருந்தார்.

"என்ன பார்க்கிறே? கிழி."

பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். தங்கைகள் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு நானும் பின்னால் நின்றுகொண்டேன்.

திரையில் அக்கா அறைந்தாள். இருட்டில் டெல்ஃபாவின் குரல் கணீரென்று எழுந்தது. "வலது கை இல்லடி! நான் இடதுகைக்காரி. அதுகூடத் தெரியாம என்ன படம் எடுத்தீங்க!" அரங்கம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் இரண்டு நரைத்த தலைகள் திரும்பின.

அதன்பின் நான் எதிர்பாராத ஒரு காட்சி வந்தது. தங்கை போன அன்று சாயங்காலம். அக்கா சமையலறையில் தனியாக மூன்று தட்டு வைக்கிறாள். வைத்ததைப் பார்க்கிறாள். ஒன்றை எடுத்து, மறுபடி அலமாரியில் வைக்க மனமில்லாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். சத்தமில்லாமல் தோள் குலுங்குகிறது. இதெல்லாம் பாதி திறந்த ஒரு கதவிடுக்கு வழியாகத் தெரிகிறது, தாழ்வாக, படுத்துக் கிடக்கும் ஒரு சிறுமியின் கண் உயரத்திலிருந்து.

டெல்ஃபா முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்ஜியா," என்றார் மெதுவாக, தனக்குத்தானே. "போர்த்திக்கிட்டுக் கிடந்தியே. தூங்கலையாடி நீ?"

விளக்குப் போட்டதும் சகோதரிகள் மேடை ஏறினார்கள். கேள்வி கேட்கலாம் என்றார் நிர்வாகி. ஒரு மாணவி எதையோ கேட்டாள். நெவியா பதில் சொல்லிக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தார். டெல்ஃபா எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு, புறப்படத் தயாராக.

"அவ எதுக்குக் கதவைப் பூட்டினான்னு படத்துல சொல்லவே இல்லையே?"

நெவியா ஒலிவாங்கியைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதே அக்கா. நீ சொன்னதே இல்லையே."

"அம்மா போய் அஞ்சு மாசம். அப்பா கப்பல்ல. சின்னதுக்குப் பதினாலு வயசு. பயமா இருந்துச்சுடி. வேற ஒண்ணும் இல்ல."

ஆர்ஜியா முகத்தை மூடிக்கொண்டார். நிர்வாகிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்துப் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று இருக்கிறது என்று அறிவித்து விளக்கை அணைக்கச் சொன்னார்.

டெல்ஃபா வாசலைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றாமலே திரும்ப உட்கார்ந்தார். மேடையிலிருந்து இறங்கிய நெவியா முன்வரிசைக்குப் போகவில்லை. நடைபாதையில் இருக்கை முதுகுகளைத் தடவிக்கொண்டே இருட்டில் மேலேறி வந்து, கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

டெல்ஃபா அவர் பக்கம் திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது. பக்கத்து இருக்கையில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.